இரத்த நாள அழற்சி: கண்டறிந்த கதையும் கட்டுப்படுத்திய கதையும்

இரத்தக் குழாய்களின் சுவர் அழற்சியுற்றுத் தடிப்பதால் வரும் பல நோய்களின் தொகுதியே இரத்த நாள அழற்சி. மருத்துவமனைகளில் இதை வாஸ்குலைட்டிஸ் என்பார்கள். சுவர் தடித்தால் குழாயின் உள்வழி குறுகி, அது ஊட்டும் உறுப்புக்கு இரத்தம் குறைகிறது. உள்ளே இரத்தம் உறைந்துவிட்டால் வழி முழுதும் அடைபடுகிறது. சுவர் நலிந்தாலோ அது புடைத்து, சிலருக்கு வெடித்தும் விடுகிறது. இரத்தம் செல்லாத உறுப்பு உடலில் இல்லை என்பதால் இந்நோய்க்கு ஒரே முகம் கிடையாது. தோலில் செம்புள்ளி, சிறுநீரில் இரத்தம், இருமலில் இரத்தம், கால் மரத்துப்போதல், திடீர்ப் பார்வையிழப்பு, கையில் நாடி மறைதல் என எதுவும் அதன் அடையாளமாகலாம். இவையெல்லாம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று தெளியவே ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. காரணம் தெளியத் தெளிய மருத்துவமும் கூர்மை பெற்றது என்பதே அந்த வரலாற்றின் சாரம்.

தோலில் தொடங்கிய அவதானிப்பு

கண்ணுக்குத் தெரியும் இடம் தோல் என்பதால் முதல் பதிவுகள் அங்கிருந்தே வந்தன. இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் எழுதி, அவர் இறந்தபின் 1802இல் வெளிவந்த நூலில் ஒரு சிறுவனைப் பற்றிய குறிப்பு உண்டு. அவனுக்குக் கால்களில் இரத்தப் புள்ளிகளும் வயிற்றுவலியும் இருந்தன. சிறுநீரில் இரத்தமும் போனது. ஜெர்மன் மருத்துவர் ஷோன்லைன் 1837இல் இப்புள்ளிகளையும் மூட்டுவலியையும் இணைத்துக் காட்டினார். அவருடைய மாணவர் ஹெனோக், குடலும் சிறுநீரகமும் உடன் பாதிக்கப்படுவதைப் பின்னர் விளக்கினார். குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் இந்நோய் நெடுங்காலம் இவ்விருவர் பெயரால் வழங்கியது. ஆனால் தோலின் புள்ளிகளுக்கு அடியில் நுண்குழாய்களின் சுவர் அழற்சியுற்றிருக்கிறது என்பதை அவர்களால் பார்க்க இயலவில்லை. அதற்கு உடற்கூறாய்வும் நுண்ணோக்கியும் சேர்ந்து வேலை செய்யும் காலம் வர வேண்டியிருந்தது.

ஃப்ரைபர்க் நகரத் தையற்காரர்

அந்தக் காலம் தென்மேற்கு ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் வந்தது. 1865ஆம் ஆண்டு மே மாதம் 27 வயதுத் தையல் தொழிலாளி ஒருவர் அங்குள்ள மருத்துவமனையில் சேர்ந்தார். காய்ச்சல், தசைவலி, கைகால் மரத்தல், வயிற்றுவலி எனத் தொல்லைகள் அடுக்கடுக்காக வந்தன. சிறுநீரில் புரதம் போனது. இறுதி நாட்களில் தோலுக்கடியில் சிறு முடிச்சுகள் தட்டுப்பட்டன. சுமார் ஒரு மாதத்தில் அவர் இறந்தார்.

அவருக்கு மருத்துவம் பார்த்த அடால்ஃப் குஸ்மாலும் நோய்க்கூற்று அறிஞர் ருடால்ஃப் மையரும் உடலைக் கூறாய்ந்தனர். நடுத்தர அளவுத் தமனிகள் நெடுகிலும் கசகசா அளவு முதல் பட்டாணி அளவு வரை முடிச்சுகள் இருந்தன. முதலில் அவை புழுக்களால் வந்தவை என்றே இருவரும் கருதினர். நுண்ணோக்கியில் நுணுகிப் பார்த்தபின் அது தமனிச் சுவரின் அழற்சி என்று கண்டு கருத்தை மாற்றிக்கொண்டனர். 1866இல் வெளிவந்த அவர்களுடைய விரிவான கட்டுரைதான் இத்துறையின் தொடக்கம். முடிச்சுத் தமனி அழற்சி என்ற நோய் அதிலிருந்து மருத்துவ நூல்களில் இடம்பெற்றது. அதன்பின் ஏறத்தாழ 80 ஆண்டுகள், எந்த அளவுக் குழாயில் அழற்சி வந்தாலும் அதை இந்த ஒரே நோயின் பெயரால் அழைக்கும் வழக்கம் நிலவியது. வெவ்வேறு நோய்கள் ஒரே பெயரின்கீழ் கலந்து கிடந்ததால் எதற்கும் தனி மருத்துவம் தேட வழியில்லாமல் போயிற்று.

பெரிய தமனிகளின் நோய்கள்

அதே காலத்தில், வேறு மருத்துவர்கள் வெவ்வேறு இடங்களிலிருந்து இதே சிக்கலை அணுகிக்கொண்டிருந்தனர். லண்டனின் ஜொனதன் ஹட்சின்சன் 1890இல் ஒரு முதியவரை விவரித்தார். நெற்றிப்பொட்டின் இருபுறமும் தமனிகள் சிவந்து தடித்து வலித்ததால் அவரால் தொப்பி அணிய முடியவில்லை. 1932இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த பேயர்ட் ஹார்ட்டனும் உடன்பணியாற்றியவர்களும் அந்தத் தமனியில் ஒரு துண்டை வெட்டியெடுத்து ஆராய்ந்து நோயைத் தெளிவாக வரையறுத்தனர். அழற்சியுற்ற சுவரில் பல கருக்கள் கொண்ட பேரணுக்கள் தென்படுவதால் இது பேரணுத் தமனி அழற்சி எனப்படுகிறது. 50 வயதைக் கடந்தவர்களுக்கே வருவது. வட ஐரோப்பிய மக்களிடம் மிகுதி. புதிதாகத் தோன்றும் தலைவலி, மெல்லும்போது தாடைவலி, தலை சீவும்போது உச்சந்தலை வலி ஆகியவை இதன் அறிகுறிகள். கண்ணுக்குச் செல்லும் தமனி அடைபட்டால் பார்வை போய்விடும். போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை.

ஜப்பானில் இது ஒரு கண் மருத்துவர் வழியாக வெளிப்பட்டது. கனசாவா நகரைச் சேர்ந்த மிகிதோ தகாயாசு, இளம்பெண் ஒருவரின் விழித்திரையில் இரத்த நாளங்கள் மாலைபோல் சுற்றிப் பின்னியிருப்பதைக் கண்டு 1908இல் வெளியிட்டார். அதைக் கேட்ட வேறு இரு ஜப்பானிய மருத்துவர்கள், தாங்கள் பார்த்த இத்தகைய நோயாளிகளுக்கு மணிக்கட்டில் நாடியே தட்டுப்படவில்லை என்றனர். இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியும் அதன் கிளைகளும் குறுகிப்போவதே காரணம். மூளைக்கும் கண்ணுக்கும் இரத்தம் குறைந்ததன் விளைவே விழித்திரையின் அந்தப் பின்னல். 40 வயதுக்குட்பட்ட பெண்களை அதிகம் தாக்கும் இந்நோய் ஆசிய நாடுகளில் பரவலாகக் காணப்படுகிறது.

ஜப்பானியரிடம் இது பெரும்பாலும் கழுத்துக்கும் கைக்கும் செல்லும் கிளைகளைத் தாக்குகிறது. இந்தியரிடம் வயிற்றுப் பகுதிப் பெருந்தமனியும் சிறுநீரகத் தமனிகளும் பாதிக்கப்படுவது அதிகம். அதனால் இங்கே இளவயதில் காரணமின்றி ஏறும் இரத்த அழுத்தமே பலருக்கு முதல் தடயமாகிறது. காசநோய்க்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்ற ஐயம் இந்திய மருத்துவர்களிடையே நெடுங்காலமாக உள்ளது, அது உறுதிப்படவில்லை. நோய் தணிந்திருக்கிறதா, உள்ளே கனன்றுகொண்டிருக்கிறதா என்று கணிக்க ஒரு மதிப்பெண் முறையை இந்திய மருத்துவர்கள் 2010ஆம் ஆண்டையொட்டி உருவாக்கினர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கும் அதில் முக்கியப் பங்கு உண்டு. அம்முறை இன்று பிற நாட்டு ஆய்வுகளிலும் பயன்படுகிறது.

தகாயாசு எழுதிய அதே 1908இல், நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவமனையில் லியோ பர்கர், துண்டிக்கப்பட்ட 11 கால்களை ஆராய்ந்து மற்றொரு நோயை விளக்கினார். வியன்னாவில் வினிவார்ட்டர் 1879இலேயே இப்படியொரு நோயாளியைப் பதிவு செய்திருந்தார். கைகால்களின் சிறிய, நடுத்தரக் குழாய்கள் அழற்சியுற்று, உள்ளே இரத்தம் உறைந்து, விரல்நுனியிலிருந்து அழுகத் தொடங்கும். பாதிக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய அனைவருமே புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள். இந்தியாவில் பீடி புகைக்கும் ஏழைத் தொழிலாளர்களிடம் இதைக் காண்கிறோம். இந்நோயில் எந்த மருந்தும் புகையிலையை விடுவதற்கு ஈடாகாது. அடியோடு விட்டவர்கள் பெரும்பாலும் காலைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள். தொடர்ந்து புகைப்பவர்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாக விரல்களையும், பிறகு காலையும் எடுக்க நேர்கிறது.

பட்டுப்பாதை நெடுகிலும் மற்றொரு நோய் காணப்பட்டது. இஸ்தான்புல் தோல் மருத்துவர் ஹுலுசி பெஹ்செட், வாயிலும் பிறப்புறுப்பிலும் புண், கண்ணில் அழற்சி ஆகிய மூன்றும் ஒரே நோயின் கூறுகள் என்று 1937இல் நிறுவினார். துருக்கி முதல் ஜப்பான் வரை இது மிகுதியாக இருப்பதற்குப் பரம்பரைக் கூறு ஒன்றும் காரணம் என்பது பிற்காலத்தில் தெரியவந்தது.

சிறுகுழாய்களின் நோய்கள்

முப்பதுகளில் ஜெர்மனியில் வேறொரு வடிவம் அடையாளம் காணப்பட்டது. ஹைன்ஸ் கிளிங்கர் 1931இலும், ஃப்ரீட்ரிஷ் வெகெனர் 1936இலும் 1939இலும் அதை விவரித்தனர். மூக்கிலும் சைனஸ் குழிகளிலும் புண், நுரையீரலில் குறுணைக்கட்டிகள், சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவை இதன் அடையாளங்கள். 1951இல் மவுண்ட் சைனாயைச் சேர்ந்த ஜேக்கப் சர்க், லாட்டே ஸ்ட்ராஸ் ஆகிய இருவரும் 13 நோயாளிகளைக் கொண்டு மற்றொரு வடிவத்தைப் பிரித்துக் காட்டினர். இவர்களுக்கு முதலில் கடுமையான ஆஸ்துமா இருந்தது. பின்னர் இரத்தத்தில் இயோசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் பெருகி, நரம்பும் இதயமும் பாதிக்கப்பட்டன.

1952இல் அமெரிக்க நோய்க்கூற்று அறிஞர் பேர்ல் சீக், அதுவரை கலந்து கிடந்த நோய்களைக் குழாயின் அளவையும் திசுவின் தோற்றத்தையும் வைத்து வகைப்படுத்தினார். பெரிய, நடுத்தர, சிறிய குழாய்களின் நோய்கள் என்று இன்று மாணவர்கள் படிக்கும் பகுப்புக்கு இது வழிகோலியது. 1994இல் அமெரிக்காவின் சேப்பல் ஹில் நகரில் கூடிய அறிஞர் மாநாடு அப்பகுப்புக்குப் பொது வரையறை தந்தது. 2012இல் அது திருத்தப்பட்டது.

இடையில் ஒரு பெயர் நீங்கியது. வெகெனர் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர் என்பதும், போர்க்காலத்தில் போலந்தின் லோட்ஸ் நகரில் பணியாற்றியவர் என்பதும் ஆய்வாளர்களால் வெளிக்கொணரப்பட்டன. அதையடுத்து 2011இல் அமெரிக்க, ஐரோப்பிய மருத்துவச் சங்கங்கள் அவர் பெயரை நீக்கி, நோயின் தன்மையைக் குறிக்கும் பெயரை ஏற்றன. ஹெனோக், ஷோன்லைன் பெயரால் வழங்கிய நோயும் குழாய்ச் சுவரில் படியும் எதிர்ப்பொருளின் பெயரால் ஐஜிஏ வாஸ்குலைட்டிஸ் எனப்பட்டது.

காரணத்தைத் தேடி

எதற்காகக் குழாய்ச் சுவர் அழற்சியுறுகிறது என்ற கேள்விக்கு முதல் விடை மருந்திலிருந்தே கிடைத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொண்டையடைப்பான் நோய்க்குக் குதிரையின் சீரம் ஊசியாகப் போடப்பட்டது. சில நாட்களில் சிலருக்குக் காய்ச்சலும் தடிப்பும் மூட்டுவலியும் வந்தன. வியன்னாவின் பிர்கேயும் ஷிக்கும் 1905இல் இந்தச் சீர நோயை விளக்கி, உடலின் எதிர்ப்புச் சக்தியே தீங்கும் செய்யக்கூடும் என்றனர். நாற்பதுகளில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆர்னால்ட் ரிச், சீரமும் சல்ஃபா மருந்தும் பெற்று இறந்தவர்களின் தமனிகளில் அழற்சியைக் கண்டார். முயல்களுக்குக் குதிரைச் சீரம் செலுத்தி அதே மாற்றத்தை உண்டாக்கியும் காட்டினார். அந்நியப் பொருளும் அதற்கு எதிராக உடல் ஆக்கும் எதிர்ப்பொருளும் ஒட்டிச் சேர்ந்து குழாய்ச் சுவரில் படிகின்றன. அங்கே வெள்ளணுக்களை ஈர்த்து அழற்சி மூட்டுகின்றன. அடுத்த இருபது ஆண்டுகளின் ஆய்வுகள் இதை நிறுவின.

1970இல் இதற்கு வலுவான சான்று கிடைத்தது. முடிச்சுத் தமனி அழற்சி கொண்ட சிலரின் இரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி வைரஸின் கூறு இருந்தது. குளிரில் திரளும் புரதங்களால் வரும் மற்றொரு நாள அழற்சிக்கு ஹெபடைட்டிஸ் சி வைரஸ் முக்கியக் காரணம் என்று 1990களில் தெரிந்தது. இவ்விரு வகைகளிலும் மருத்துவத்தின் மையம் வைரஸை ஒழிப்பதே. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி பரவிய நாடுகளில் முதல் வகை வெகுவாகக் குறைந்திருப்பது, ஒரு நோயின் வேரைக் கண்டால் அதைத் தடுக்கவும் இயலும் என்பதற்குச் சான்று.

ஆயினும் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் தாக்கும் சிறுகுழாய் நோய்களில் எதிர்ப்பொருள் படிவு அவ்வளவாகத் தென்படவில்லை. அந்தப் புதிரின் திறவுகோல் 1982இல் ஆஸ்திரேலியாவில் கிடைத்தது. சிறுநீரக அழற்சி கொண்ட எட்டுப் பேரின் இரத்தத்தில், அவர்களுடைய சொந்த வெள்ளணுக்களையே தாக்கும் எதிர்ப்பொருள் இருப்பதாக டேவிஸும் உடன்பணியாற்றியவர்களும் எழுதினர். மூன்றாண்டுகளில் நெதர்லாந்து, டென்மார்க் ஆய்வாளர்கள் அதை வெகெனர் விவரித்த நோயோடு இணைத்தனர். ஆன்கா என்று சுருக்கமாக வழங்கும் இந்த எதிர்ப்பொருள், நியூட்ரோஃபில் வெள்ளணுக்களில் உள்ள மைலோபெராக்சிடேஸ், புரோட்டினேஸ்-3 என்னும் நொதிகளைக் குறிவைக்கிறது. தூண்டப்பட்ட வெள்ளணு குழாய்ச் சுவரில் ஒட்டி, கிருமியைக் கொல்வதற்கென வைத்திருக்கும் நச்சுப் பொருள்களை அங்கேயே கொட்டுகிறது. 2002இல் சேப்பல் ஹில் ஆய்வாளர்கள் இந்த எதிர்ப்பொருளை எலிகளுக்குச் செலுத்தி அதே சிறுநீரக அழற்சியை உண்டாக்கினர். நோயின் உடன்நிகழ்வாக மட்டும் கருதப்பட்ட எதிர்ப்பொருள் நோயை விளைவிக்கவும் கூடியது என்பது அப்போது உறுதியாயிற்று.

ஆன்கா ஏன் உருவாகிறது என்பதற்கு முழு விடை இல்லை. பரம்பரைக் கூறுகளுக்குப் பங்குண்டு. சிலிக்காத் தூசியைச் சுவாசிக்கும் தொழில்கள் ஆபத்தைக் கூட்டுகின்றன. இரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரலசின், தைராய்டுக்கான புரொபில்தயோயுராசில் ஆகிய மருந்துகளும் சிலருக்கு இதைத் தூண்டுகின்றன. அவற்றை நிறுத்துவதே அங்கே முதல் மருத்துவம்.

மருந்துகளின் வருகை

இருபதாம் நூற்றாண்டின் நடுவரை இந்நோய்களுக்கு உருப்படியான மருத்துவம் இல்லை. 1948இல் மேயோ கிளினிக்கின் பிலிப் ஹெஞ்ச் முடக்குவாத நோயாளிக்குக் கார்ட்டிசோன் தந்து வியத்தகு பலன் கண்டார். 1950இல் அவருக்கும் கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகியோருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இம்மருந்து விரைவிலேயே நாள அழற்சிக்கும் வந்தது. பேரணுத் தமனி அழற்சியில் ஸ்டீராய்டு சில நாட்களில் தலைவலியைத் தணித்து, பார்வையைக் காத்தது. இன்றும் அந்நோய் ஐயம் வலுவாக இருந்தால் திசுச் சோதனை முடிவுக்குக் காத்திராமல் ஸ்டீராய்டைத் தொடங்குவதே முறை. ஒரு நாள் தாமதம் ஒரு கண்ணைப் பறித்துவிடக்கூடும்.

வெகெனர் விவரித்த நோயிலோ ஸ்டீராய்டு மட்டும் போதவில்லை. 1958இல் வால்ட்டன் வெளியிட்ட கணக்கின்படி, மருத்துவம் பெறாத அந்நோயாளிகள் சராசரியாக 5 மாதங்களே வாழ்ந்தனர். 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ஓராண்டுக்குள் இறந்தனர். அதை மாற்றியது சைக்ளோபாஸ்பமைடு. முதல் உலகப் போரில் நச்சுவாயுவாகப் பயன்பட்ட மஸ்டர்டு வகைச் சேர்மங்களின் வழியில், புற்றுநோய்க்காக ஜெர்மனியில் ஐம்பதுகளில் உருவாக்கப்பட்ட மருந்து அது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் ஆந்தனி ஃபாசியும் ஷெல்டன் உல்ஃபும் எழுபதுகளில் அதைக் குறைந்த அளவில் ஸ்டீராய்டுடன் சேர்த்துத் தந்தனர். 1983இல் அவர்கள் வெளியிட்ட 85 நோயாளிகளின் தொகுப்பில் 93 விழுக்காட்டினருக்கு நோய் முழுமையாகத் தணிந்திருந்தது. மரண தண்டனையாக இருந்த நோய் மருந்தால் அடங்கும் நோயானது.

ஆனால் அந்த உயிர் மீட்சிக்கு விலையும் இருந்தது. ஆண்டுக்கணக்கில் சைக்ளோபாஸ்பமைடு உட்கொண்டவர்களுக்குச் சிறுநீர்ப்பையில் இரத்தக்கசிவும் புற்றுநோயும், இளவயதினருக்கு மலட்டுத்தன்மையும் வந்தன. ஸ்டீராய்டு எலும்பை மெலிவித்தது, சர்க்கரை நோயை வரவழைத்தது, தொற்றுகளுக்கு வழிவிட்டது. தணிந்த நோய் பலருக்குத் திரும்பியும் வந்தது. எனவே அடுத்த நாற்பதாண்டு ஆய்வுகளின் நோக்கம் நோயை அடக்கும் வலுவைக் குறைக்காமல் மருந்தின் தீங்கைக் குறைப்பதாயிற்று. 2003இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு, நோய் தணிந்தவுடன் சைக்ளோபாஸ்பமைடை நிறுத்தி அசதியோபிரின் என்ற மென்மையான மருந்துக்கு மாறலாம் என்று காட்டியது. 2010இல் இரு ஆய்வுகள் ரிட்டக்சிமாப் என்ற மருந்தை முன்வைத்தன. எதிர்ப்பொருளை ஆக்கும் பி அணுக்களை ஒழிக்கும் இது, 197 பேர் பங்கேற்ற ஆய்வில் சைக்ளோபாஸ்பமைடுக்குக் குறையாத பலனைத் தந்தது. 2020இல் வெளியான, 704 பேர் பங்கேற்ற பன்னாட்டு ஆய்வு ஸ்டீராய்டைப் பாதியளவு குறைத்தாலும் பலன் குறையாது, கடுந்தொற்றுகள் குறையும் என்று நிறுவியது. வெள்ளணுக்களை அழைக்கும் இரத்தப் புரதம் ஒன்றின் ஏற்பியை மறிக்கும் அவகோபான் 2021இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பேரணுத் தமனி அழற்சியில் டோசிலிசுமாப் ஸ்டீராய்டின் தேவையைக் குறைக்கும் என்று 2017இல் தெரிந்தது.

குழந்தைகளின் கவாசாகி நோய்

மருத்துவ வெற்றிக்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு குழந்தைகளிடம் கிடைத்தது. டோக்கியோவின் செஞ்சிலுவை மருத்துவமனைக் குழந்தை மருத்துவர் தொமிசாகு கவாசாகி, 1961இல் நான்கு வயதுச் சிறுவன் ஒருவனிடம் வழக்கமான எந்த நோயிலும் அடங்காத அறிகுறிகளைக் கண்டார். அப்படிப்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்துக் குறித்துவைத்து, 1967இல் 50 பேரின் விவரங்களை வெளியிட்டார். ஐந்து நாட்களுக்கு மேல் விடாத காய்ச்சல், சீழில்லாமல் சிவந்த கண்கள், வெடித்த உதடு, செந்நாக்கு, உடல் தடிப்பு, வீங்கிப் பின் தோலுரியும் விரல்கள், கழுத்தில் நெறி ஆகியவை அவர் தந்த அடையாளங்கள். தானாகவே ஆறிவிடும் என்று கருதப்பட்ட இந்நோயில் சில குழந்தைகள் திடீரென இறந்தன. இதயத்தை ஊட்டும் தமனிகள் புடைத்து அடைபட்டதே அதற்குக் காரணம் என்பதை 1970இன் நாடு தழுவிய கணக்கெடுப்பு வெளிப்படுத்தியது.

1984இல் ஜப்பானின் ஃபுருஷோ, பலர் தந்த இரத்தத்திலிருந்து பிரித்த இம்யூனோகுளோபுலினைச் சிரை வழியாகச் செலுத்தினால் தமனி புடைப்பது குறையும் என்று காட்டினார். அமெரிக்காவில் நியூபர்கரும் உடன்பணியாற்றியவர்களும் 1986இல் அதை உறுதிசெய்தனர். 1991இல் ஒரே தவணையில் தருவதே மேலானது என்றும் நிறுவினர். மருத்துவமின்றி நான்கில் ஒரு குழந்தைக்கு வந்த தமனிப் புடைப்பு, காய்ச்சல் தொடங்கிய 10 நாட்களுக்குள் மருந்து பெற்றவர்களில் 4 விழுக்காடு அளவுக்குக் குறைந்தது. நோயின் காரணம் இன்றுவரை பிடிபடாமலிருக்க, மருத்துவம் மட்டும் முந்திக்கொண்ட அரிய நிகழ்வு இது.

இன்றைய மருத்துவ முறை

இந்த வரலாற்றின் பயனாகச் சிகிச்சைக்கு இன்று ஓர் ஒழுங்கு உண்டு. முதலில், தொற்று, புற்றுநோய், மருந்து ஆகியவை நாள அழற்சியைத் தூண்டினவா, அல்லது அதுபோல நடிக்கின்றனவா என்று பார்க்கப்படுகிறது. அடுத்து ஆன்கா, ஹெபடைட்டிஸ் வைரஸ் ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை, குழாய்களைக் காட்டும் ஸ்கேன், இயலுமிடத்தில் திசுச் சோதனை ஆகியவற்றால் எந்தக் குழாய், எந்த வகை, எந்த உறுப்பு என்பது உறுதியாகிறது. கடுமையான நோயை வலுவான மருந்தால் சில மாதங்களில் தணிப்பது ஒரு கட்டம். தணிந்தது திரும்பாமல் மென்மையான மருந்தால் ஆண்டுக்கணக்கில் காப்பது மறு கட்டம். உடன் நுரையீரல் தொற்றைத் தடுக்கும் மாத்திரை, தடுப்பூசிகள், எலும்புக்குக் கால்சியம் ஆகியவையும் தரப்படுகின்றன. குறுகிய தமனியை விரிக்கவோ மாற்றுவழி இணைக்கவோ அறுவை தேவைப்பட்டால், அழற்சி அடங்கியபின் செய்வதே நல்லது. குழந்தைகளின் ஐஜிஏ நோய் போன்றவை பெரும்பாலும் ஓய்விலும் வலிநிவாரணியிலும் ஆறிவிடும்; சிறுநீரை மட்டும் சில மாதங்கள் தவறாமல் சோதிக்க வேண்டும்.

1866இல், இறந்தபின் உடலைக் கூறாய்ந்து மட்டுமே காண முடிந்த நோயை இன்று உயிரோடிருப்பவரிடமே கண்டறிய முடிகிறது. மருந்துகளும் கைவசம் உள்ளன. எனினும் சிறுநீரகமோ கண்ணோ நரம்போ ஒருமுறை பழுதானபின் எந்த மருந்தும் அதை முழுதாக மீட்பதில்லை. ஆகவே ஓயாத காய்ச்சலும் எடைக்குறைவும் தோலில் செம்புள்ளிகளும் சேர்ந்து வரும்போதும், சிறுநீரில் இரத்தம், திடீரெனத் தொங்கும் பாதம், இரு கைகளில் மாறுபடும் இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் காணும்போதும் இந்நோயை நினைவில் கொள்வது மருத்துவரின் கடமை. தொடக்கத்திலேயே கண்டு தொடங்கும் சிகிச்சையே உறுப்பையும் உயிரையும் காக்கிறது.